வந்தோர் வாழ்வும் அளவுகோலும்



புதிதாக ஒரு நாட்டில் வந்திறங்கும் மனிதனுக்கு அந்நாட்டார் செய்து தருகின்ற தங்குமிடம், வேலை, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு, சர்க்கார் காகிதங்கள் முதலிய உதவிகள் அவனுக்கு மெய்யாகவே பயன்பட்டனவா என்பதை எவ்வாறு அளந்தறிவது என்னும் விஷயத்தை இன்றைய சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிபுணர்கள் கூடிப் பேச வேண்டிய இப்பொருளுக்கு நாம் கூடியிருக்கும் இந்த மெர்போக்கில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் இன்று கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடையோ, விடையின் பாதியோ, மலேசியாவின் இந்தக் கெடா ராஜ்யத்துப் பால்மரக் காடுகளில் நூறாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஜெராய் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு, பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களையும், கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனையும் நினைத்துப் பெருமிதம் கொள்ளுவது இயல்பு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோரின் பாட்டன் பாட்டியர் சோழர் கப்பலில் வந்தவர்கள் அல்லர். நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த குடியேறுவோர் டிப்போவில் நாட்களைக் கழித்து, ரஜூலா போன்ற கப்பலின் மேல்தளத்தில் பிரயாணம் செய்து, பினாங்குக்கு எதிரே உள்ள ஜெரெஜாக் தீவில் நோய்க்காப்பு முகாமில் அடைபட்டு, பிறகு பிறையில் ரயிலேறிச் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் இறங்கியவர்கள். அவர்களுடைய வருகைக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் இருந்தது. அதன் கணக்கேடுகளைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

1907-ஆம் ஆண்டில் இந்தியர் குடியேற்றக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டு, அதன் வசம் குடியேற்ற நிதி ஒப்படைக்கப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டமும், அவர்கள் வேலை செய்த நாட்களின் கணக்குப்படி, அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். அந்தப் பணத்திலிருந்து டிப்போச் செலவு, கப்பல் கட்டணம், முகாம் பராமரிப்பு, ஆள் சேர்க்கும் செலவு எல்லாம் வழங்கப்படும். உடல் தளர்ந்து உழைக்க முடியாமல் போனவரை ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவும் அதிலிருந்தே. வருகிறவன் கடனாளியாக வந்திறங்க வேண்டியதில்லை என்பது அக்காலத்தில் சிறிய காரியமல்ல. முறியடிமை போன்ற ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ரத்தாவதற்கு இந்த ஏற்பாடும் துணை செய்தது. நிர்வாகத் திறமை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால், புதிதாக வருவோருக்கென்று இவ்வளவு ஒழுங்கான கணக்குடன் நடந்த ஸ்தாபனங்கள் அன்றைய உலகில் மிகச் சிலவே இருந்திருக்கும். தொழிலிலாகாவின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுகிறவர்களுக்கு வந்தவர் தொகை, திரும்பியவர் தொகை, ஆயிரத்துக்கு இத்தனை மரணம், ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி விகிதம், பள்ளிகளின் எண்ணிக்கை என்று வரிசை வரிசையாக இலக்கங்கள் கிடைக்கும்.

அந்த இலக்கங்களில் முதன்மையானது மரண விகிதம். மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களைச் சூறையாடிய காலம் அது. கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-இல் ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று ஏடுகள் கூறுகின்றன. டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் பகுதியில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டிய வழியை மற்றவர்களும் பின்பற்ற, முப்பதுகளில் அந்த விகிதம் பன்மடங்கு இறங்கிற்று. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த அளவுகோல் அது. அளக்கவே இல்லையென்றால் அந்த மரணங்கள் விதியின் கணக்கில் எழுதப்பட்டு மறைந்திருக்கும். அளத்தலை வெறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த அளவுகோலின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காய்ச்சலில் கிடந்து எலும்பும் தோலுமாகிய ஒருவன், உழைக்கத் தகுதியற்றவன் என்று தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதிக் கொடுக்க, நிதியின் செலவிலேயே கப்பலேற்றப்பட்டு, நாகப்பட்டினத்தில் இறங்கி, தன் ஊர்ச் சாவடியில் உயிர் விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய மரணம் கெடாவின் ஏட்டில் ஏறாது. ஏறுவது அவனுக்குக் கொடுக்கப்பட்ட கப்பல் கட்டணம், அதுவும் ஆற்றிய சேவை என்ற தலைப்பின் கீழ். பொருளாதார மந்தத்தின்போது ரப்பர் விலை சரிந்து, 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் திருப்பியனுப்பப்பட்டனர். குடியமர்த்தும் பணி முற்றாகத் தோற்றுப்போன அந்த ஆண்டுகளில்தான், நிதியின் ஏடு ஓய்வொழிவின்றி உழைத்த ஸ்தாபனத்தின் ஏடாகக் காட்சியளித்தது. செய்த காரியங்களை எண்ணுகிறவர்கள், அந்தக் காரியங்களால் மனிதனுக்கு என்ன ஆயிற்று என்பதை எண்ணாதபோது நேரும் விபரீதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னோர் அளவுகோல், தலைக்காசு. பெரட்டுக்களம் எப்படியிருந்தது என்று இங்குள்ள முதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இளைஞர்களுக்காகச் சொல்லுகிறேன். இருள் பிரியுமுன் தப்பு ஒலிக்க, தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்திலிருந்து ஆணும் பெண்ணும் வாளியும் வெட்டுக்கத்தியுமாக வந்து வரிசையில் நிற்க, தோட்டத்து எழுத்தராகிய கிராணி செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பெயர் படிக்க, ஆட்களைத் திரட்டி மேய்க்கும் கங்காணி தன் ஆட்களை ஒவ்வொருவராகக் காட்டுவான். அன்று களத்துக்கு வந்து வேலைக்குப் போன ஒவ்வொரு தலைக்கும் ஓரிரு சென்ட் வீதம் கங்காணிக்குக் கிடைக்கும். வேலைக்கு வந்தோர் தொகையே அவனது சம்பாத்தியம். ஆகவே இரவெல்லாம் காய்ச்சலில் அனத்தியவனையும், பிள்ளை பெற்று உடம்பு தேறாதவளையும், எப்படியாவது களத்துக்கு இழுத்துவரத் தூண்டும் ஏற்பாடாக அது முடிந்தது. கங்காணிகளில் இரக்கமுள்ளவர்களும் இருந்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்குத் தாய்மாமன் போல நின்றவர்களும் உண்டு. ஆனால் ஒருவனுடைய வயிற்றுப்பிழைப்பை ஓர் இலக்கத்தோடு கட்டிப்போட்டுவிட்டு, அந்த இலக்கத்துக்கு எதிராக இரக்கம் காட்டும்படி அவனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. இன்று மேல்நாடுகளில் தொண்டு நிறுவனங்களுக்கு, இத்தனை பேரை வேலையில் சேர்த்தால் இவ்வளவு மானியம் என்று ஒப்பந்தம் எழுதும் அதிகாரிகள், கெடாத் தோட்டத்துத் தலைக்காசின் சரித்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். எளிதில் வேலை கிடைக்கக்கூடியவனை முதலில் எடுத்துக்கொண்டு, படிப்பற்றவளையும் நோயாளியையும் வாசலிலேயே நிறுத்திவைக்கும் வழக்கம் அங்கே தோன்றியிருப்பதற்குக் காரணம் இதுவே.

பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூட்டு மாநிலங்களில் விதித்தது. பிற மாநிலங்களிலும் அந்த முறை பரவியது. பள்ளிகள் பெருகின. கிராணியோ கங்காணியோ உபதொழிலாக வாத்தியார் வேலை பார்த்த கொட்டகையும் பள்ளிதான், ஏட்டில் அதற்கும் ஒன்று என்றுதான் இலக்கம். அந்தப் பிள்ளை பதினைந்தாம் வயதில் எங்கே இருந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அது தாயின் பின்னால் மங்கு துடைத்துக்கொண்டு பால்மர வரிசையில் நின்றது என்பதை நாம் அறிவோம்.

இந்த ஏடுகளுக்கு வெளியேயிருந்து ஒருவர் பார்க்க வந்தார். 1936-இன் இறுதியில் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் மலாயாவுக்கு வந்து, தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் அறிக்கை அளித்தார். ஆண்களுக்கு ஐம்பது சென்ட், பெண்களுக்கு நாற்பது சென்ட் என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், கங்காணி மூலம் ஆள் திரட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அவர் சொன்னது பிரசித்தம். அவ்வறிக்கை தோட்டத்தாரிடம் மிருதுவாக நடந்துகொண்டது என்று அக்காலத்திலேயே குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் குறையில் பங்குண்டு. விருந்தினராக வந்து நாள் குறித்துப் பார்வையிடுகிறவருக்கு லயம் சுண்ணாம்பு பூசித்தான் காட்சியளிக்கும். துரையும் கிராணியும் அருகே நிற்க, ‘சௌகரியமாக இருக்கிறாயா?’ என்று கேட்டால் ‘இருக்கிறேன் சாமி’ என்றுதான் பதில் வரும். பிறகு கூலி விவகாரம் முற்றி, 1938 ஜூனில் உதவி பெற்ற குடியேற்றத்தை இந்திய சர்க்கார் தடுத்துவிட்டது.

அப்படியானால் எந்த அளவுகோல்தான் நம்பத்தக்கது? கெடாவே இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது. ஒன்று துயரமானது, மற்றொன்று பெருமைக்குரியது.

துயரமானதை முதலில் சொல்லுகிறேன். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறு ஆண்டு அமலுக்கு வந்து, பிரஜைகள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, ஆயுள் முழுவதும் இந்த மண்ணில் மரம் சீவியவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். விண்ணப்பத்தாள் நிரப்பத் தெரியாததால் பிரஜாவுரிமை பெறாமல் போனவர்கள் அவர்களில் அநேகர். பல்லாயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். வந்தோரைக் குடியமர்த்தும் நிதி 1907-இல் தொடங்கி, 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, இவ்வளவு காலம் நடந்த பிறகும், ‘இந்த மனிதனிடம் இந்நாட்டில் தங்குவதற்குரிய காகிதம் இருக்கிறதா?’ என்ற ஒரு கேள்வி அதன் ஏட்டில் இடம்பெறவில்லை. அந்நிதி 1999-இல் சட்டத்தாலேயே கலைக்கப்பட்டது.

பெருமைக்குரியது புக்கிட் சிடிம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் கொடுமை தொடங்கிய காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டினார். மறு ஆண்டில் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். மாதக் கூலியில் பத்து வெள்ளி என்பது ஒரு குடும்பத்தின் அரிசியிலும் மண்ணெண்ணெயிலும் பிடித்து வைத்தாலொழியக் கிடைக்காத பணம். ஊருக்கு மணியார்டர் போக வேண்டிய அந்தப் பத்து வெள்ளியை ஒரு தொழிலாளி இந்நாட்டு மண்ணில் பங்காகப் போட்டான் என்றால், அவன் இங்கே வேர் பிடித்துவிட்டான் என்பதற்கு அதைவிட உண்மையான அத்தாட்சி வேறெந்த ஆண்டறிக்கையில் கிடைக்கும்? அதை எழுதியவன் அதிகாரி அல்லன். குடியேறியவனே தன் கையால் எழுதிய கணக்கு அது. குடியமர்வுப் பணியின் பலனை அறிய விரும்புகிறவர்கள், புதிதாக வந்தவன் தன் சொந்த விருப்பத்தால் தன் காசையும் காலத்தையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் எங்கே வைக்கிறான் என்பதைப் பல ஆண்டுகள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்பது நான் இதிலிருந்து பெற்ற முடிவு.

வெளியுலக அனுபவமும் இதை ஆதரிக்கிறது. ஆஸ்திரேலியா 1948 முதல் குடியேறுவோருக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறது. நெடுங்காலம் ஒருவருக்கு 510 மணி நேரம் என்று வரம்பு கட்டி, அந்த மணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எழுத்தே அறியாமல் வந்த தாய்க்கும் பள்ளிப் படிப்போடு வந்த இளைஞனுக்கும் அடிப்படை மணிக்கணக்கு ஒன்றே. 2021-இல் அந்த வரம்பை நீக்கி, மொழி கைவரும் வரை படிக்கலாம் என்று மாற்றினார்கள். கடிகாரத்தை விட்டு மனிதனைப் பார்க்க அவர்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

இனி, இன்றைய கெடா. நம்மவர் விட்டுவந்த லயங்களிலும், சுங்கை பட்டாணி, கூலிம் பகுதித் தொழிற்சாலைகளின் விடுதிகளிலும் இப்போது வங்காளதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் வாழ்கிறார்கள். அவர்களையும் உள்ளடக்கித் தொழிலாளரின் குடியிருப்பு வசதிகளைப் பற்றிய 446-ஆம் சட்டம் இருக்கிறது; 2019-இல் அதைத் திருத்தி வலுப்படுத்தியிருக்கிறார்கள். விடுதியில் ஒருவருக்கு மூன்று சதுர மீட்டருக்குக் குறையாத இடம், கட்டில், மெத்தை, பூட்டக்கூடிய அலமாரி என்று விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. நல்ல விதிகள்; அவற்றை முழு மனத்துடன் வரவேற்கிறேன். சோதனைக்கு வரும் அதிகாரி அலமாரியை எண்ணிக் குறித்துக்கொள்ளுவார். அந்த அலமாரிக்குள் தொழிலாளியின் பாஸ்போர்ட் இருக்கிறதா, முதலாளியின் பெட்டியில் இருக்கிறதா என்பதையும் அவர் கேட்டு எழுத வேண்டும். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆகையால் இது தயவை நாடும் கேள்வியும் அன்று.

இந்த மண்டபத்திலுள்ள இளைஞர்களிடமும், மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரச் சங்கங்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விடுதிகளுக்குச் செல்லுங்கள். முதலாளியும் ஏஜெண்டும் அருகில் இல்லாத இடத்தில், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, வருவதற்கு வாங்கிய கடன் தீர்ந்ததா, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதிலைப் பெயரில்லாமல் எழுதி, அடுத்த ஆண்டும் அதே கேள்விகளை அதே இடத்தில் கேட்டு, இரண்டையும் சேர்த்து சுங்கை பட்டாணித் தொழில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். நம் பாட்டன்மார்களை அப்படிக் கேட்க யாரும் வரவில்லை. இவர்களைக் கேட்க நாம் போகலாம்.