தமிழெண் எண்ணன்றோ?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)



எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் தமிழ் முன்னோர். இன்று தமிழெழுத்து கணிப்பொறியில் ஏறிவிட்டது. தமிழெண்ணோ வாயிலிலேயே நிறுத்தப்பெறுகின்றது. நிறுத்துவது எது? பொறியா? அன்று; பொறிக்கு மாந்தர் வகுத்த நெறி!

இணையப் பக்கங்களை இயக்குவது சாவாசுகிரிப்டு என்னும் நிரல்மொழி. 1995ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பிரெண்டன் ஐக்கு அதனை வடித்தார். படிவத்தில் ஒருவர் தம் அகவையையோ தொகையையோ எழுதினால், அது முதற்கண் எழுத்துச்சரமாகவே வந்து சேரும். அச்சரத்தை எண்ணாக மாற்றிப் பார்க்க 'நம்பர்' என்னும் செயற்கூறு உண்டு. 12 என எழுதினால் பன்னிரண்டு என ஏற்கும். அதனையே ௧௨ எனத் தமிழில் எழுதினால் 'நேன்' என விடையிறுக்கும். 'எண்ணன்று' என்பது அதன் பொருள். பதின்ம இலக்கம் எனின் 0 முதல் 9 வரையுள்ள பத்து வடிவங்களே என அம்மொழியின் இலக்கணம் வரையறுத்ததே இதற்குக் காரணம்.

இத்துணைக் கண்டிப்புடைய காவலன் பிறவிடங்களில் எவ்வாறு நடந்துகொள்கின்றான்? ஒன்றுமே எழுதாத வெற்றுச்சரத்தைக் கொடுத்தால் சுழி என ஏற்கின்றான்! வெறும் இடைவெளியும் அவனுக்குச் சுழியே. 'பார்சு புளோட்டு' என்னும் மற்றொரு செயற்கூறோ, '25 படி நெல்' என்பதில் 25ஐ மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை உதறிவிடும். வெறுமை எண்ணாம், ௧௨ எண்ணன்றாம்! இது முறையா?

இன்னுமொரு வியப்பைக் கேளுங்கள். அதே மொழியிலுள்ள எண்வடிவமைப்புக் கருவியிடம், தமிழிலக்கத்தில் எழுதித் தருக எனப் பணித்தால், 12ஐ ௧௨ எனத் திருத்தமாக எழுதித் தரும். ஆனால் தான் எழுதியதைத் தானே படிக்க அம்மொழிக்குத் தெரியாது. எழுதக் கற்பித்தவர் படிக்கக் கற்பிக்கவில்லை!

குறை தமிழெண்ணில் இல்லை. உலகப் பொதுவான ஒருங்குகுறியில் ௦ முதல் ௯ வரை, 3046 தொடங்கி 3055 முடியக் குறியெண்கள் உள. அவற்றுள் சுழி 2005இல் வந்து சேர்ந்தது. 0இன் குறியெண் 48. எனவே, தமிழிலக்கம் ஒவ்வொன்றின் குறியெண்ணிலிருந்தும் 2998ஐக் கழித்தால் அதற்குரிய இலக்கத்தின் குறியெண் கிட்டும்.

நிரலர் செய்யவேண்டுவன நான்கே. சரத்தின் இருபுற இடைவெளிகளை நீக்குக, வெற்றுச்சரம் எனின் மறுக்க, தமிழிலக்கங்களை மாற்றுக, முழுச்சரத்தையும் 'நம்பர்' செயற்கூற்றிடம் தந்து, வரும் விடை வரம்புடைய எண்தானா என 'ஈசு பைனைட்டு' கொண்டு ஆய்க. விடையை 'நேன்' உடன் நேரே ஒப்பிடுதல் பயனற்றது. 'நேன்' தன்னோடு தானே ஒவ்வாதது! ௰, ௱, ௲ கலந்தெழுதும் பழைய முறைக்கு மட்டும் தனிநெறி வேண்டும். அம்முறையில் ௨௱ என்பது 200 அன்றோ?

ஒரு சில வரிகளில் முடியும் பணி இது. தமிழறிந்த நிரலர் செய்யாவிடின் வேறு யார் செய்வர்? பொறி 'எண்ணன்று' எனச் சொன்னவுடன் தமிழெண்ணைக் கைவிடுவது அடிமைத்தனம். நெறியைத் திருத்துவதே ஆண்மை. தமிழெண் எழுதுக! பொறியை ஏற்கச் செய்க!