தோலில் போட்ட துளை மூடாது

துணி தைக்கத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் தோலில் ஒரு சில்லறைப் பை தைக்க ஆசைப்படுகிறார். ஒரு தோல் துண்டு வாங்கி வருகிறார். கண் அளவிலேயே வெட்டுகிறார். ஊசியை எடுத்துத் தைக்கிறார். தையல் கோணலாகப் போகிறது. "அதனால் என்ன? பிரித்துத் தைத்தால் போச்சு" என்று நூலைப் பிரிக்கிறார். நூல் வந்துவிட்டது. ஆனால் ஊசி போன துளைகள் அப்படியே நிற்கின்றன.

துணி நூலால் நெய்தது. ஊசி போகும்போது நூல்கள் விலகும். பிறகு சேர்ந்துகொள்ளும். தோல் அப்படி இல்லை. அதில் போட்ட துளை மூடாது. வெட்டியது ஒட்டாது. தோல் வேலையின் முதல் பாடம் இதுதான். மற்றப் பாடங்கள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

எந்தத் தோலை வாங்குவது?

பச்சைத் தோல் அழுகிவிடும். அழுகாமல் இருக்கத்தான் அதைப் பதனிடுகிறார்கள். இதற்கு இரண்டு முறைகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, மரப்பட்டை, காய் ஆகியவற்றின் சாற்றில் ஊறவைப்பது. ஆவாரம் பட்டை, கருவேலம் பட்டை, கடுக்காய் எல்லாம் இதற்கு உதவும். மற்றொன்று, குரோமிய உப்பில் பதனிடுவது.

கோலாப்புரி செருப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பட்டையில் பதனிட்ட தோலில் செய்வது. மகாராஷ்டிரத்தில் 4 மாவட்டங்களும் கர்நாடகத்தில் 4 மாவட்டங்களும் அதற்குப் பேர்போனவை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கு வங்காளத்தில் சாந்திநிகேதன் தோல் பைகளும் புகழ் பெற்றவை. அவற்றில் பூவும் கொடியும் புடைத்து நிற்கும். அதுவும் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல்தான்.

காரணம் என்ன? பட்டையில் பதனிட்ட தோலை ஈரப்படுத்தினால் இளகும். அதில் அழுத்திய வடிவம் காய்ந்த பிறகும் நிற்கும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும். ஆனால் அதில் அழுத்திய வடிவம் சரியாக நிற்காது. ஆகவே புதிதாகப் பழகுகிறவர்கள் பட்டைத் தோலையே வாங்குங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் தோல்.

முழுத் தோல் வாங்க வேண்டாம். பட்டறைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளே பழகப் போதும். சில்லறைப் பைக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கனம் சரி. இடுப்பு வார் என்றால் 3 முதல் 4 மில்லிமீட்டர் வேண்டும். முதுகுப் பக்கத் தோல் உறுதியானது. வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் நீளும். வயிற்றுப் பக்கத் தோலில் வார் வெட்டினால் சில மாதங்களில் தொங்கிப்போகும்.

முதலில் காகிதம், பிறகு கத்தி

தோலைத் தொடுமுன் கெட்டிக் காகிதத்தில் மாதிரி வெட்டுங்கள். மடித்துப் பாருங்கள். உள்ளே சில்லறையைப் போட்டுப் பாருங்கள். தோல் காகிதத்தைவிடக் கனமானது. மடியும் இடத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கும். ஆகவே மாதிரியின் வெளிப்பக்கம் சிறிது பெரிதாக இருக்கட்டும். காகிதம் பத்து வீணானாலும் நட்டம் இல்லை.

மாதிரியைத் தோலின் மேல் வைத்து ஊசி முனையால் இலேசாகக் கோடு போடுங்கள். பேனா மை போகாது. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்திக்குத்தான் அதிகமாக அழுத்த வேண்டும். அதுதான் வழுக்கிக் கையை வெட்டும். இரும்பு அடிக்கோலை வைத்து, ஒரே மூச்சில் அழுத்தாமல், இரண்டு மூன்று முறை இலேசாக இழுங்கள். கத்தி போகும் வழியில் மற்றக் கை இருக்கக் கூடாது.

தையல்

ஓரத்திலிருந்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் எண்ணிச் சரிபாருங்கள். பிறகுதான் குத்தூசி. இரண்டு துண்டுகளிலும் துளைகள் நேருக்கு நேர் வர வேண்டும்.

நூலில் தேன்மெழுகு தடவுங்கள். தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். ஒரே நூலின் இரண்டு முனைகளிலும் இரண்டு ஊசிகள் கோருங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகப் போக வேண்டும். இப்படித் தைத்தால் ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறு பக்க நூல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் இந்த உறுதி கிடைக்காது. கடைசியில் இரண்டு மூன்று தையல் பின்னால் போய் முடியுங்கள்.

தண்ணீர், நெருப்பு, காற்று

பூ வேலை செய்யத் தோலை ஈரப் பஞ்சால் துடைப்பார்கள். துடைத்தவுடன் அழுத்தக் கூடாது. ஈரம் உள்ளே இறங்கி, மேல் நிறம் பழைய நிறத்துக்குத் திரும்பும் நேரமே ஏற்ற நேரம். ஈரத் தோலை இரும்பின் மேல் வைக்காதீர்கள். பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும். அது போகாது. மரப்பலகை அல்லது கல் நல்லது.

ஈரத் தோலை நிழலில் காயவையுங்கள். வெயிலிலோ அடுப்பின் அருகிலோ வைத்தால் விறைத்து வெடிக்கும். சாயத்தை முதலில் ஒரு துண்டில் தடவிப் பாருங்கள். காய்ந்த பிறகே உண்மை நிறம் தெரியும்.

ஒட்டும் பசையில் கவனம் வேண்டும். ரப்பர் பசையின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். நாள்பட்டால் நரம்பையும் கெடுக்கலாம். தீயும் எளிதில் பிடிக்கும். கதவு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். அருகில் விளக்கோ அடுப்போ வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மழைக்காலத்தில் தோலில் பூஞ்சைக் காளான் பூக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். பூத்துவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள்.

யாரிடம் கேட்பது?

அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். இரண்டு ஊசித் தையல் அவருக்குப் பிடிபடவில்லை. தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போகிறார். "ஐயா, இதைக் கொஞ்சம் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்கிறார். பெரியவர் தையலை வாங்கிப் பார்க்கிறார். "நூலை ஒரே அளவாக இழும்மா. ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தளர்ச்சி கூடாது" என்கிறார். பத்துத் துளை தைத்தும் காட்டுகிறார். ஒரு துளைகூடத் தவறவில்லை.

இந்தப் பெண் போன மாதம் இதே பெரியவரிடம் செருப்பு தைத்தவர்தான். அன்று ஐந்து ரூபாய்க்காகப் பேரம் பேசினார். இன்று அவருக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு கோணல் இல்லாமல் துளை போட எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

நம் நாட்டில் தோல் வேலை செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் செய்த செருப்பு வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றார்கள். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனாலும் பலருடைய பேச்சில் அந்தப் பழக்கம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அவமதித்த சொல்லும் துளை போன்றதுதான். பிரித்து எடுக்க முடியாது.

ஆகவே தோல் வேலை பழக விரும்புகிறவர்கள் கைத்தொழில் தெரிந்தவரை மரியாதையோடு கேளுங்கள். அவர் செலவிட்ட நேரத்துக்கு உரிய கூலி கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்: இரண்டு முறை அளந்து பாருங்கள். ஒரு முறை வெட்டுங்கள். எல்லாப் புள்ளிகளையும் எண்ணிய பிறகே குத்தூசியை எடுங்கள். முதல் பை கோணலாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். வைத்திருங்கள். பத்தாவது பை தைத்த பிறகு அதை எடுத்துப் பாருங்கள். உங்கள் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அந்தத் துளைகளே சொல்லும்.