எளிமை என்னும் பாடம்



அண்மையில் பள்ளி விடுமுறையில் நாம் மூன்று நூல்களைப் படித்து முடித்தோம். ஒன்று, அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ எழுதி 1854ஆம் ஆண்டில் வெளிவந்த 'வால்டன்'. மற்ற இரண்டும் காந்தியடிகள் எழுதியவை: 'சத்திய சோதனை'யும், தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தின் வரலாறும். எளிமையையும் நம்பிக்கையையும் பற்றிப் பேசும் இந்நூல்களைப் படிக்கப் படிக்க நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் நாம், "எளிமையாக வாழக் கற்றுக்கொள்" என்று மாணவனிடம் எப்படிச் சொல்வது? கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்கும் வீட்டிலிருந்து வருகின்ற பிள்ளைக்கு அது அறிவுரையாகுமா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகுமா?

முதலில் தோரோவைப் பார்ப்போம். 1845ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அவர் வால்டன் குளத்தருகே, தாமே கட்டிய சிறு குடிலில் குடியேறினார். அதற்கான செலவு 28 டாலர் 12½ காசு. பலகை, செங்கல், சுண்ணாம்பு, ஆணி என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கணக்கின் நேர்மை நம்மைக் கவர்ந்தது. ஆனால், தோரோ ஹார்வர்டில் படித்துப் பட்டம் பெற்றவர். குடில் நின்ற நிலம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டுகளுக்குப் பின், போதும் என்று தோன்றியபோது அவரால் வெளியேற முடிந்தது. இருப்பதில் வேண்டாததை விலக்குவது எளிமை. வேண்டியதே கிடைக்காமலிருப்பது வறுமை. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது.

அடுத்து, காந்தியடிகள். 1904ஆம் ஆண்டில் அவர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறியபோது, நண்பர் போலக் அவரிடம் ரஸ்கின் எழுதிய ஒரு சிறு நூலைக் கொடுத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. வழக்கறிஞரின் தொழிலுக்கும் முடிதிருத்துபவரின் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே என்பதும், உழவனும் கைத்தொழிலாளியும் வாழ்கின்ற உழைப்பு வாழ்வே சிறந்தது என்பதும் அந்நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள். அந்த ஆண்டிலேயே டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவாயிற்று. நல்லது என்று நெஞ்சார ஒப்பியதைத் தாமதமின்றிச் செய்யத் தொடங்குவதே நம்பிக்கை என்று நமக்குப் பட்டது.

1910ஆம் ஆண்டில், ஜோகன்னஸ்பர்க்கை அடுத்து டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. அதற்கு 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றித் தந்தவர் கட்டடக் கலைஞர் காலன்பாக். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களிடையே தமிழர்களும் இருந்தனர். 1860ஆம் ஆண்டு முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகத் தமிழர் பலர் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரின் கதையும் அதை ஒத்ததே.

அப்பண்ணையில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் காந்தியடிகள்! கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் கையேட்டைக் கொண்டு கற்ற சிறிதளவு தமிழே அவருடைய கைம்முதல். பண்ணையில் வேலைக்காரர் எவருமில்லை. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. குழி வெட்டினாலும் மரம் வெட்டினாலும் சுமை தூக்கினாலும் ஆசிரியர் உடன் நின்றார். முஸ்லிம் பிள்ளைகள் ரமலான் நோன்பிருந்தபோது, மற்றப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து நோன்பிருக்க ஊக்கம் பெற்றனர். பல சமயத்தார் கூடி வாழும் மலேசியாவில் நமக்கு இது மிக நெருங்கிய செய்தி.

நம் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. எளிமை என்பது இல்லாதவனுக்கு இருப்பவன் ஓதும் உபதேசம் அன்று. கற்பிப்பவர் முதலில் தம் கையால் செய்து காட்ட வேண்டிய பாடம் அது. ஏழைப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியது, "குறைவாக ஆசைப்படு" என்பதன்று. "உன் தாய் தந்தையரின் உழைப்பு எந்த உழைப்புக்கும் தாழ்ந்ததன்று" என்பதே. அதை அவன் நம்ப வேண்டுமானால், வகுப்பறையைக் கூட்டும் துடைப்பத்தை முதலில் ஆசிரியர் கையில் எடுக்க வேண்டும். பால் மரம் வெட்டிய கைக்கும் செம்பனைக் குலை சுமந்த தோளுக்கும் பள்ளியில் மரியாதை உண்டு என்பதைப் பிள்ளை கண்ணால் காண வேண்டும்.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே! இந்நூல்கள் கிடைத்தால் படித்துப் பாருங்கள். படித்ததில் ஒன்றையாவது மறுநாள் காலையிலேயே செய்யத் தொடங்குங்கள்.