மணியோசையும் மன அமைதியும்



திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் கிழக்கேகோட்டைப் பக்கம் செல்லும்போதெல்லாம், பத்மதீர்த்தக் குளத்தின் அருகே ஒரு பழைய கடிகாரத்தைக் காண்கிறோம். மேத்தன் மணி என்பது அதன் பெயர். தாடி வைத்த ஒரு முகம். இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணிதோறும் அம்முகம் வாய் திறக்க, கடாக்கள் கன்னத்தில் முட்டும்படி 19ஆம் நூற்றாண்டில் அதனை அமைத்தார்கள். முட்டுவது மணிக்கு ஒரு முறைதான். இடையே அம்முகத்திற்கு ஓய்வு உண்டு.

நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்கு அந்த இரக்கம் இல்லை. நினைத்தபோதெல்லாம் அது முட்டுகிறது. வங்கிச் செய்தி, வணிக விளம்பரம், வாட்ஸ்அப் வாழ்த்து யாவும் ஒரே ஓசையில் வருகின்றன.

எடுத்துப் பாராதிருந்தால் போதாதா எனலாம். போதாது. 2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், கவனம் வேண்டும் ஒரு பணியில் மாணவர்களை அமர்த்தி, இடையே அவர்களுடைய கைப்பேசிகளுக்கு அறிவிப்பு வரச் செய்தனர். கைப்பேசியைத் தொடாத நிலையிலும் பிழைகள் மிகுந்தன. ஓசை கேட்டதும், “யாராக இருக்கும்?” என்று மனம் பணியைவிட்டு எழுந்து போய்விடுகிறது.

அவ்வாறாயின் அனைத்தையும் அடைத்துவிடலாமா? ஊரில் முதிய பெற்றோரை விட்டுவந்த நமக்கு அஃது எளிதன்று. நம் நாட்டுக் கைப்பேசியாளரிடையே நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஓர் ஆய்வும் இதனை மெய்ப்பிக்கிறது. அறிவிப்புகளை நாளுக்கு மூன்று வேளையாகத் தொகுத்துப் பெற்றோர்க்குக் கவனம் கூடியது; மன அழுத்தம் குறைந்தது. அறவே நிறுத்தியோர்க்கோ, எதையோ தவறவிடுகிறோம் என்னும் பதற்றமே மிகுந்தது.

முன்னாளில் கடிதம் தபால்காரர் வரும் வேளையில் வந்தது. அவசரம் தந்தியாக வந்தது. தந்தி 2013இல் நின்றுவிட்டது. அதனோடு அவசரத்தையும் அவசரமின்மையையும் பிரித்தறியும் பழக்கமும் நின்றுவிட வேண்டுமா? வீட்டாரின் அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும்; ஏனையவை மௌனமாகக் காத்திருக்கட்டும். “அவசரமென்றால் கூப்பிடுங்கள் அம்மா, மற்றதை மாலையில் பார்த்துக்கொள்கிறேன்” என்று இன்றே சொல்லிவைப்போம். பின்னர் அந்த மாலையில், வேறெந்த ஓசையும் குறுக்கிடாமல், அவருடன் பத்து நிமிடம் பேசுவோம். கவனத்தைக் காப்பது, அதனை உரியவர்க்கு முழுமையாய்த் தருவதற்கே அன்றோ?