பொதுவும் சிறப்பும்

(திருவான்மியூரில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூலும் நைடதமும் கற்பித்துக் காலங்கழிக்கும் என்னைக் கைப்பேசியைப் பற்றிப் பேசுமாறு செயலாளரவர்கள் பணித்தபொழுது, இஃது என் துறையன்று என்று முதற்கண் மறுத்தேன். அவர் விட்டாரல்லர். காரணம் நீங்கள் அறிந்ததே. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நம் குலத்து மாணாக்கருள் முதன்மை எய்தும் ஆண்மகன் ஒருவனுக்கும் பெண்மகள் ஒருத்திக்கும், தம் சொந்தச் செலவில் உயர்வகைக் கைப்பேசி ஒவ்வொன்று பரிசளிக்க விரும்புவதாக, வள்ளன்மை மிக்க நம் பெரியவர் ஒருவர் சென்ற செயற்குழுவில் தெரிவித்தார்கள். பொதுவகையே போதும் என்றனர் சிலர். கொடுக்க முன்வந்தவர் கையை நாம் ஏன் பிடித்தல் வேண்டும் என்றனர் வேறு சிலர். வழக்கு முடிவுறாமையின், இரு திறத்தையும் ஆராய்ந்து இக்கூட்டத்தில் உரைக்கும் கடமை என்பால் வந்து சேர்ந்தது. பெரியவரவர்களும் முன்வரிசையில் வீற்றிருக்கின்றார்கள். என் சொல்லில் குற்றமிருப்பின் அவர்கள் பொறுத்தருள்க.

கைப்பேசியே மாணாக்கர்க்கு ஆகாது என்று கூற யான் இங்கு வந்தேனல்லேன். பள்ளிச் செய்தியும், கல்லூரி விண்ணப்பமும், வங்கிக் கணக்கும், மளிகைக் கடைக்குப் பணம் செலுத்தலும் இன்று அதன் வழியே நடைபெறுகின்றன. ஆகலின் வேண்டுமோ வேண்டாவோ என்பது இன்றைய வினாவன்று. ஒரே நிறுவனத்தார் ஒரே நாளில் பொதுவகை என ஒன்றும் உயர்வகை என ஒன்றும் வெளியிடுங்கால், அவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்பதே வினா.

இதனை ஆராய்தற்கு எனக்குத் தெரிந்த கருவி இலக்கணமே. பெயருக்கு முன் வரும் அடைமொழியை நம் இலக்கண நூலார் இருவகையாகப் பகுப்பர். செந்தாமரை என்புழிச் 'செம்மை' என்னும் அடை, வெண்டாமரையினின்றும் அதனைப் பிரித்துக் காட்டுகின்றது. ஆகலின் அஃது இனஞ்சுட்டிய அடை. செஞ்ஞாயிறு என்புழியோ, பிரித்துக் காட்டுதற்குக் கருஞாயிறு என்று ஒன்று இல்லை. ஆகலின் அஃது இனஞ்சுட்டா அடை. அது ஞாயிற்றுக்கு அழகு செய்வதன்றி வேறு பயன் செய்வதில்லை. ப்ரோ என்றும் அல்ட்ரா என்றும் கைப்பேசியின் பெயரோடு ஒட்டி வருவனவும் அடைகளே. வாங்குவான் ஒருவனுக்கு அவ்வடை தாமரைக்கு வந்த அடையோ, ஞாயிற்றுக்கு வந்த அடையோ என்று கேட்டறிதலே இவ்வாராய்ச்சி முழுதும்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். ஆப்பிள் நிறுவனத்தார் 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஐபோன் 17 என்பதன் வெளியீட்டு விலை நம் நாட்டில் 82,900 ரூபாய். அதன் உயர்வகையாகிய ஐபோன் 17 ப்ரோ 1,34,900 ரூபாய். இரண்டும் 256 ஜிபி சேமிப்பளவில் தொடங்குவனவே. இடைவெளி 52,000 ரூபாய். அதற்கு முந்திய 2024-ஆம் ஆண்டில் ஐபோன் 16 என்பது 79,900 ரூபாய்க்கும், 16 ப்ரோ என்பது 1,19,900 ரூபாய்க்கும் வந்தன. அன்றைய இடைவெளி 40,000 ரூபாய். ஓராண்டில் விலையின் இடைவெளி பன்னீராயிரம் விரிந்தது.

பண்பின் இடைவெளி என்னாயிற்று? 2024-இல் உயர்வகையின் திரை ஒரு வினாடியில் 120 முறை வரை புதுப்பிக்கப்படும். பொதுவகையின் திரை 60 முறையே. விரலால் தள்ளுங்கால் எழுத்துக்கள் வழுக்கிச் செல்லும் நயம் அதனால் வருவது. 2025-இல் அந்நயம் பொதுவகைக்கும் கொடுக்கப்பட்டது. திரையின் அளவும் இரண்டற்கும் 6.3 அங்குலமாக ஒத்தது. முகத்தெதிர்ப் படக்கருவியும் ஒன்றே. நீர்புகாமைக்குரிய தரமும் ஒன்றே. விலை விலகிச் செல்ல, பண்பு நெருங்கி வந்ததென்பது இதனாற் பெறப்படும்.

இனி, உயர்வகைக்கே உரியன யாவை? தொலைவிலுள்ள பொருளை நான்கு மடங்கு அணித்தாகக் காட்டும் மூன்றாம் படக்கருவி. நெடுநேரம் கடும்பணி செய்யினும் சூடு பரவித் தணியுமாறு உள்ளே அமைத்த ஆவியறை. மிகப் பெரிய காணொளிக் கோப்புக்களைக் கம்பி வழியே விரைந்து கணினிக்கு அனுப்பும் ஆற்றல். இவை பொய்யல்ல; மெய்யான சிறப்புக்களே. ஆனால் யாருக்கு? திருமணங்களில் காணொளி எடுத்துப் பிழைப்பவனுக்கு அம்மூன்றும் கருவி. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் நிறுவிய கலாக்ஷேத்திரம் இத்திருவான்மியூரின்கண் விளங்குதலின், நாட்டியம் பயில்வாரும் அவரைப் படம்பிடிக்கும் தொழிலாளரும் இப்பகுதியில் பலர். அரங்கின் கடைசி வரிசையில் நின்று ஆடுவாளின் முகக்குறிப்பைப் படமாக்க வேண்டிய தொழிலாளன் உயர்வகை வாங்குவானாயின், அதனை வீண்செலவு என்று கூறுவார் யார்? தச்சனுக்கு நல்லுளி எத்தகையதோ அவனுக்கு அஃது அத்தகையது. அவன் வரைக்கும் அவ்வடை இனஞ்சுட்டிய அடை.

வகுப்பிற் குறிப்பெடுத்து, பாடங்கேட்டு, பெற்றோரோடு பேசி, நண்பரோடு படமெடுத்துக்கொள்ளும் மாணாக்கனுக்கு அவ்வடை யாது செய்யும்? மருந்தீசர் கோயிற் பங்குனிப் பெருவிழாவில் தேரைத் தொலைவிலிருந்து ஒருநாள் படம்பிடிக்கலாம். அன்றும் நம்மவர் தேரின் அருகிற் சென்று வடம்பிடிப்பாரேயன்றித் தொலைவில் நிற்பாரல்லர்.

உயர்வகை நெடுங்காலம் உழைக்கும் ஆதலின் முடிவில் அதுவே மலிவு என்று உரைப்பாரும் உளர். கைப்பேசி முதுமையடைதல் பெரும்பாலும் இரண்டாற் கண்டீர்: ஒன்று மின்கலம் தளர்தல், மற்றொன்று மென்பொருட் புதுப்பிப்பு நின்றுபோதல். மின்கலம் இருவகையினும் தளரும், இருவகையினும் மாற்றிக்கொள்ளலாம். புதுப்பிப்போ, சாம்சங் நிறுவனத்தார் 2025 ஜனவரியில் வெளியிட்ட கேலக்ஸி எஸ்25 வரிசையில், 80,999 ரூபாய்ப் பொதுவகைக்கும் 1,29,999 ரூபாய் அல்ட்ரா வகைக்கும் ஏழாண்டு என ஒருபடித்தாகவே உறுதி கூறப்பட்டது. ஆகவே வாழ்நாளைக் காட்டி உயர்வகையை வற்புறுத்தும் வாதம் நில்லாது.

இவ்விருவகையினும் விலைகுறைந்த கைப்பேசிகள் பதினையாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. மாணாக்கர் பலர்க்கு அவையே சாலும் என்பதனையும் மறைத்தல் முறையன்று. கொடையாளரின் உள்ளம் நோக்கி யான் இவ்விரண்டனையே ஒப்பிடுகின்றேன்.

அன்பர்காள்! இதுகாறும் பிறர்க்கு உரைப்பான் போல் உரைத்தேன். இனி என் பிழையைக் கூறுதல் வேண்டும். என் மகன் கல்லூரியிற் சேர்ந்தபொழுது, உடன்பயில்வார் வைத்திருப்பதாகக் கூறி உயர்வகைக் கைப்பேசி ஒன்றை விரும்பினான். தமிழாசிரியன் மகன்தானே என்று பிறர் அவனை இகழ்வரோ என்னும் எண்ணம் அவனுக்கு இருந்ததோ இல்லையோ, எனக்கு இருந்தது. கடைக்குச் சென்றோம். வட்டியில்லாத் தவணை, பதினெட்டுத் திங்களிற் செலுத்தலாம் என்றார் கடையார். விலை ஒரு மலையாகத் தோன்றியது. தவணையாகப் பகுத்துச் சொன்னவுடன் மணற்குன்றாகத் தோன்றியது. இருவகைக்கும் உள்ள வேறுபாடு திங்களுக்குச் சில ஆயிரமே என்று மனம் கணக்கிட்டது. வாங்கி வந்தேன்.

வட்டியில்லாத் தவணை என்பதன் உட்பொருளைப் பின்னரே அறிந்தேன். வட்டி கணக்கிடப்படுகின்றது, அதற்கு ஈடான தொகை தள்ளுபடி என்னும் பெயரால் விலையிற் கழிக்கப்படுகின்றது. ஆனால் அவ்வட்டியின்மேல் வரும் நூற்றுக்குப் பதினெட்டு வரியும், கடனை ஏற்படுத்தித் தருதற்குரிய கட்டணமும் நம் தலையில் விழுகின்றன. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்றில்லை என்னும் கருத்தினைப் பாரத ரிசர்வ் வங்கியார் 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகட்கு விடுத்த சுற்றறிக்கையில் தெளிவுறுத்தியிருந்தனர். யான் அதனை அறியாதிருந்தது என் குற்றமே.

ஏழாந் தவணையின்போது என் அன்னையாரின் கண்ணிற் புரை முற்றியிருப்பதாக மருத்துவர் கூறினார். அறுவைக்குரிய பணத்தை ஒருங்கே எடுக்க இயலாதபடி தவணை குறுக்கே நின்றது. "ஐயா, அவசரம் ஒன்றுமில்லை; அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள் அன்னையார். அடுத்த மாதம் என்பது மூன்று மாதமாயிற்று. அம்மூன்று மாதமும் அவர்கள் சுவரைத் தடவியே சமையற்கட்டுக்குச் சென்றார்கள். இறையருளால் அறுவை நன்கு முடிந்தது; பார்வையும் மீண்டது. அதன்பின் ஒருநாள் என் மகன் கைப்பேசியிலுள்ள படங்களைக் காட்டச் சொன்னேன். பல்லாயிரம் படங்கள் இருந்தன. தொலைவுப் படக்கருவியால் எடுத்தவை எத்தனை என்று கேட்டேன். தேடிப் பார்த்து, முழுநிலாவை எடுத்த படம் ஒன்றுண்டு என்றான். அவனை யான் சினந்தேனல்லேன். கேட்டவன் சிறுவன், அளவறியாது கொடுத்தவன் யான். வரவின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதாயின் கேடில்லை என்னும் பொருளைத் திருவள்ளுவனார் வலியறிதல் என்னும் அதிகாரத்துள் வைத்தமை குறித்து ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைப்பவனும் யானே.

இனி, நம் பெரியவரவர்களின் உள்ளக்கிடக்கையை யான் உணராதவனல்லேன். நம் பாட்டன்மார் பிறர்முன் தலைநிமிர்ந்து நிற்றற்கு அஞ்சியிருந்த காலம் ஒன்றிருந்தது. அதனைக் கேட்டறிந்தவர் அவர்கள். நம் பிள்ளைகள் எவர்க்கும் குறைந்தவரல்லர், அவர்தம் கையிலும் முதல்தரமானதே இருத்தல் வேண்டும் என்று அவர்கள் விழைதல் அன்பினால், ஆரவாரத்தினால் அன்று. அவ்வன்பினை வணங்குகின்றேன். ஆயினும் ஒன்று கூறுவேன். உயர்ந்தது என்று பெயர் பெற்ற பொருளைக் கையிற் பிடித்தலால் வரும் மதிப்பு, அடுத்த ஆண்டு புதுவகை வந்தவுடன் கழிந்துபோம். நம் சங்கத்தின் பரிசினைப் பெற்ற பிள்ளை, அதற்கடுத்த ஆண்டே பழைய வகை வைத்திருப்பவனாய்விடுதல் பரிசுக்குப் பெருமையாகுமோ? மேலும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஆலையில் 2019 முதல் ஐபோன்கள் இணைக்கப்பட்டு வருகின்றன. அங்குப் பணிபுரிவாருள் மிகப் பலர் நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். பகலெல்லாம் கைப்பேசி இணைக்கும் அப்பெண்களுள், மேற்படிப்புக்குப் பணமின்றிக் கல்லூரியை விடுத்து வந்தவர் எத்துணைப் பேரோ! நம் குலத்திலும் அத்தகைய பிள்ளைகள் இல்லையென்று நம்மாற் கூறவியலுமோ?

ஆகவே சங்கத்தாரின் முன்னும் பெரியவரவர்களின் முன்னும் ஒரு விண்ணப்பம் வைக்கின்றேன். இரண்டு உயர்வகைக் கைப்பேசிக்கு அவர்கள் ஒதுக்கிய தொகை 2,69,800 ரூபாய். இரண்டு பொதுவகை வாங்கினால் 1,65,800 ரூபாய். எஞ்சுவது 1,04,000 ரூபாய். அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி புகும் பெண்மக்கட்கென நம் மாநில அரசினர் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்மக்கட்கென 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் வகுத்த தொகை திங்களுக்கு 1,000 ரூபாய். அச்சிறு தொகை பேருந்துக் கட்டணத்துக்கும் நூல் விலைக்கும் ஆகிப் பிள்ளைகளைக் கல்லூரியில் நிறுத்துதலை ஆசிரியனாகிய யான் கண்ணாரக் கண்டுள்ளேன். அதே அளவினை நம் சங்கம், அத்திட்டங்களுள் அடங்காத ஏழைப் பிள்ளைகட்கு அளிக்கலாம். ஒருவர்க்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். மூவர்க்கு 1,08,000 ரூபாய். குறைவது 4,000 ரூபாய் மட்டுமே. அதனை யான் தருவேன்.

முதன்மை பெற்ற இருவர்க்கும் நல்ல கைப்பேசி கிடைக்கும். அதனால் அவர்க்கு ஒரு குறையும் இல்லை. பெயரின் அடையொன்று நீங்கியதால் மூவர் பட்டம் பெறுவர். கைப்பேசி இருவரையும் உதவி பெறும் மூவரையும் ஒரே மேடையில் ஏற்றி, பெரியவரவர்கள் தம் திருக்கையாலேயே வழங்கியருளுதல் வேண்டும். அன்று நம் சங்கத்தின் பெயருக்கு வரும் சிறப்பு இனஞ்சுட்டிய சிறப்பாகும்.

மருந்து நல்லதேயாயினும் அளவறிந்து உண்டாலன்றிப் பயன்படாது. மருந்தீசர் எழுந்தருளிய இவ்வூரில் வாழும் நமக்கு அதனை யான் விரித்துரைத்தல் மிகை. என் விண்ணப்பத்தை அவைத்தலைவரவர்கள் வாக்குக்கு விடுமாறு வேண்டி அமர்கின்றேன்.