பெண்மக்கள் வாய்ப்பூட்டும் சாரணியர் பயிற்சியும்

(திண்டுக்கல்லை அடுத்த ஒரு கிராமத்தில், பள்ளிச் சாரணியரின் பெற்றோர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மை இங்கு அழைத்தவர்கள் இப்பள்ளிச் சாரணியர் பெண்கள். தங்களை முகாமுக்கு அனுப்பப் பெற்றோர்கள் மறுக்கின்றார்கள் என்பது அவர்களுடைய குறை. "வயதுக்கு வந்த பெண் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சல்யூட் அடிப்பதனால் என்ன லாபம்?" என்று ஒரு பெரியவர் சற்றுமுன் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். சல்யூட் அடிப்பது மாத்திரமே சாரணியம் என்றால் நாமும் அது வேண்டாமென்றே சொல்லுவோம். ஆனால் விஷயம் அதுவல்ல.

இவ்வியக்கம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் பேடன் பவல் என்பவர் சாரணச் சிறுவர்களைக் கூட்டினார். அழைப்பில்லாமலேயே சில சிறுமிகள் அங்கு வந்து நின்று, "நாங்களும் சாரணர்களே" என்றார்கள். பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று முகஞ்சுளித்தவர்கள் அந்தச் சீமையிலும் இருந்தார்கள். ஆனாலும் 1910-ல் பெண்களுக்கென்றே தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. 1911-ல் அது நம் நாட்டில் ஜபல்பூரில் கால் வைத்தது. 1928-ல் உலகச் சங்கம் அமைந்தது. இன்று 150-க்கு மேற்பட்ட நாடுகளில் அது இருக்கின்றது. ஆகவே இது ஆண்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த தர்மமல்ல. பெண்கள் வாய் திறந்து கேட்டதனால் வந்தது.

நிற்க, நம் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றோம். நம் தங்கையை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, ஒரு நூற்பாலைக்கு அனுப்பினோம். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கலியாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்றார்கள். "சுமங்கலித் திட்டம்" என்று அதற்கு மங்கலமாகப் பெயரும் வைத்தார்கள்! மூன்று வருஷம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் விழுந்தாள். வீட்டுக்கு அனுப்பினார்கள், பேசிய பணத்தில் கால் பங்குகூடக் கையில் வரவில்லை. "அண்ணா, யாரிடம் போய் என்னவென்று கேட்பது?" என்றாள். மேடைதோறும் பெண்ணுரிமை பேசி வந்த நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "பெண்பிள்ளை வாயைக் கொடுக்காதே, விட்டுவிடு" என்றோம். திண்டுக்கல் பூட்டுக்கு உலகமெங்கும் பேர் இருக்கின்றது. அதை நாம் பெட்டிக்குப் போட்டதைவிட நம் பெண்களின் வாய்க்குப் போட்டதே அதிகம்.

அவளுக்கு ரோஷம் இல்லாமலில்லை. கேட்கும் வித்தைதான் தெரியவில்லை. என்ன பேசினார்கள், எத்தனை நாள் வேலை, என்ன பிடித்தம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வித்தையைத்தான் சாரணியம் கற்பிக்கின்றது. ஆறேழு பெண்கள் ஓர் அணி. தலைவியை அவர்களிலேயே ஒருத்தியாக வைக்கின்றார்கள். அணித் தலைவிகள் கூடி முகாமுக்கு எங்கே போவது, பணத்தை எப்படிச் செலவு செய்வது என்று பேசி முடிவு செய்கின்றார்கள். பத்து வயதில் தன் அணிக்காகப் பேசிப் பழகினவள், இருபது வயதில் அதிகாரியின் மேஜைக்கு முன் நடுங்கமாட்டாள்.

அன்றியும், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை எதிர்த்துப் பேச 2011 முதல் உலகச் சங்கம் தனிப் பிரசாரமே நடத்தியது. ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்போடு சேர்ந்து அதற்குப் பாடமும் வகுத்தது. அவ்வித்தையின் சுருக்கம் இதுதான்: குறை இன்னதென்று ஒன்றைப் பிடி. நேரில் போய் விவரம் சேகரி. அதைத் தீர்க்கும் அதிகாரம் யாருக்கு என்று கண்டுபிடி. தனியே போகாதே, துணை சேர். வேண்டியதை இரண்டே வாக்கியத்தில் சொல். பதில் வரும்வரை விடாதே.

இது சீமைக்குத்தான் பொருந்தும் என்பீர்களோ? நம் ஜில்லாவையே பாருங்கள். துணி ஆலையில் வேலை செய்த ஓர் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். ஆலைப் பெண்களும், பெண்களே முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் சும்மா இருந்துவிடவில்லை. அக்கிரமங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அந்நிய நாட்டுத் துணிக் கம்பெனிகள் வரைக்கும் போய்க் கேட்டார்கள். 2022 ஏப்ரலில் "திண்டுக்கல் ஒப்பந்தம்" கையெழுத்தாயிற்று. அதன்படி தொழிலாளர்களிலேயே சிலர் பயிற்சி பெற்று, தொந்தரவு நடக்கும் இடத்திலேயே கண்காணித்து முறையிட்டார்கள். அவர்கள் சாரணிய உடுப்புப் போட்டவர்களல்ல. ஆனால் வித்தை ஒன்றே. வேலைக்குப் போய், அடிபட்டுக் கற்க வேண்டியதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டால் என்ன நஷ்டம் என்று கேட்கின்றோம்.

நம்மவர்களில் சிலர், "கடவுளுக்குக் கடமை செய்வேன் என்றல்லவா சாரணியர் உறுதி சொல்லுகின்றார்கள்?" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அது பிறந்த இங்கிலாந்திலேயே 2013-ல் உறுதிமொழியிலிருந்து கடவுளை எடுத்துவிட்டு, தனக்கு உண்மையாக இருப்பேன் என்று மாற்றிக்கொண்டார்கள். இங்கும் மாற்றவேண்டுமென்றால் சாரணியப் பெண்களே கேட்கட்டும்! கேட்கப் பழக்குவதுதானே அந்தப் பயிற்சி?

ஆகையால் பெற்றோர்களே! முகாமுக்குப் போகும் பெண்ணைத் தடுக்காதீர்கள். அடுத்த கிராம சபைக்கு அவளையும் கூட்டிப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போகும்போது, மனுவை அவள் கையால் எழுதச் சொல்லுங்கள். அவளே அதைப் படித்துச் சொல்லட்டும். நம் தங்கைக்கு நாம் செய்த தவறை இனி ஒரு தகப்பனும் ஓர் அண்ணனும் செய்ய வேண்டாம். இன்று அவளுடைய மகள் இதே கூட்டத்தில் கழுத்துத் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். முகாமுக்கு அவள் பெயரை நேற்று நாமே எழுதிக் கொடுத்தோம்.