ஆசிரியர் காட்டிய ஒளி



1980ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் நம் நாட்டின் சில பகுதிகளில் முழுச் சூரிய கிரகணம் தோன்றியது. அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். எங்கள் தெருவில் கதவுகளெல்லாம் சாத்தப்பட்டிருந்தன. விஞ்ஞானம் படித்தவனாயினும், நானும் அஞ்சி வீட்டினுள்ளேயே அடங்கியிருந்தேன்.

அதே கிரகணத்தை ஆராய முனைந்தார் ஜகதேவ் சிங் என்னும் இளம் விஞ்ஞானி. சூரியனைச் சூழ்ந்துள்ள கொரோனா என்னும் ஒளிப்படலத்தை ஆராயுமாறு அவரைத் தூண்டியவர், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநர் வைணு பாப்பு.

அப்படலத்தில் அப்படி என்ன விந்தை? சூரியனுடைய மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியேயுள்ள கொரோனாவின் வெப்பமோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல்! அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையுமன்றோ? இங்கே அது பன்மடங்கு கூடுகிறது. ஆனால் கொரோனாவின் ஒளி, சூரிய வட்டத்தின் ஒளியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆகவே முழுக் கிரகணத்தின்போதுதான் அது நம் கண்ணுக்குப் புலப்படும்.

1980 முதல் 2010 வரை சிங் பத்து கிரகணப் பயணங்களை மேற்கொண்டார். முழு மறைப்பு ஒருமுறைக்கு ஏழரை நிமிடத்துக்குமேல் நீடிப்பதில்லை. முப்பதாண்டு உழைப்பில் கிட்டிய நேரம் முழுவதையும் கூட்டினாலும், இரண்டு பாட வேளைக்குமேல் தேறாது! ஆதலின், கிரகணத்துக்காகக் காத்திராமல் இடைவிடாது நோக்கவல்ல கருவியொன்றை விண்ணில் நிறுத்த வேண்டுமென அவர் எண்ணினார்.

சந்திரன் சூரியனை மறைப்பதுபோல, சூரிய வட்டத்தின் ஒளியைக் கருவிக்குள்ளேயே விலக்கிவிட்டுக் கொரோனாவை மட்டும் காட்டுவது கொரோனாகிராப். 1930ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சு விஞ்ஞானி பெர்னார் லியோ கண்ட உபாயம் இது. இவ்வகைக் கருவியொன்றை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் உருவாக்கினர். 2023 செப்டம்பர் 2ஆம் நாள், ஆதித்யா எல்-1 விண்கலம் அதனைச் சுமந்துகொண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. 2024 ஜனவரி 6ஆம் நாள், பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்-1 என்னும் இடத்தைச் சுற்றிவரும் பாதையை அடைந்தது. அங்கே சூரியனைப் பூமியோ சந்திரனோ மறைப்பதில்லை.

வைணு பாப்பு 1982ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். தாம் இட்ட வித்து விண்ணில் மரமானதை அவர் காணவில்லை. ஆசிரியத் தொழிலின் இயல்பு அதுவே போலும்!

2019 டிசம்பர் 26ஆம் நாள் தமிழகத்தில் வளையச் சூரிய கிரகணம் தோன்றியது. அரையாண்டு விடுமுறையாயினும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்தேன். அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழச்செய்து காட்டினேன். “கிரகணத்தன்று வெளியே வரலாமா, ஐயா?” என்றாள் ஒரு சிறுமி. “வரலாம் அம்மா, சூரியனை நேராகப் பார்ப்பதுதான் கூடாது” என்றேன். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குமுன் எனக்கு யாரும் சொல்லாத சொல் அது.

மாணவச் செல்வங்களே! கதவைச் சாத்தாதீர்கள். கேள்வியோடு வெளியே வாருங்கள்.